பிரித்து எடுக்கும் தையலுக்கும் கூலி உண்டு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தஞ்சாவூர் மாவட்டம் பாபநாசம் வட்டத்தில், குடமுருட்டி ஆற்றங்கரைக் கிராமம் ஒன்றிலிருந்து இக்கடிதத்தை எழுதுகிறேன். 31 ஆண்டுகளாகத் தையலே எனக்குத் தொழில். அதில் கடைசி 14 ஆண்டுகளாக மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்களுக்குத் தையல் கற்றுக்கொடுத்து வருகிறேன். பஞ்சு வைத்த போர்வைகளை வீட்டிலேயே தைத்து விற்பது குறித்துத் தங்கள் நாளிதழின் மகளிர் பக்கத்தில் சென்ற வாரம் வெளியான கட்டுரையை எங்கள் குழுவினர் அனைவரும் ஒன்றாக உட்கார்ந்து படித்தோம். துணித் தேர்வு, நிறப் பொருத்தம், விலை வைக்கும் முறை ஆகியவை பற்றி அதில் பயனுள்ள செய்திகள் பல இருந்தன. ஆனால் மேல் துணி, நடுவில் பஞ்சு, அடித் துணி என்ற மூன்று அடுக்குகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, நான்கு மூலைகளிலும் ஊக்குக் குத்திவிட்டு நேராக மிஷினுக்குக் கொண்டுபோகலாம் என்ற பொருள்பட அமைந்திருந்த ஒரே ஒரு வாக்கியத்தை மட்டும் என்னால் அப்படியே விட்டுவிட முடியவில்லை. அந்த ஊக்குக்கும் அந்த மிஷினுக்கும் நடுவில் அரை நாள் வேலை ஒன்று இருக்கிறது. எங்கள் வீடுகளில் அதை நூலோட்டுதல் என்போம்; தையல் கடைகளிலும் பயிற்சி மையங்களிலும் அதுவே டாக்கிங்; பாடப் புத்தகத்தில் தற்காலிகத் தையல். மூன்று அடுக்குகளும் நகராமல் இருப்பதற்காகக் கையால் நீள நீளமாகப் போட்டு, மிஷின் தையல் முடிந்த பிறகு முழுவதையும் பிரித்து எடுத்துவிடும் தையல் அது. பிரித்து எடுத்துவிடுவதாலேயே அதைக் கற்றுக்கொடுப்பவர்களும் மறந்துவிடுகிறார்கள், கூலி கொடுப்பவர்களும் மறந்துவிடுகிறார்கள் என்பதுதான் என் வருத்தம்.

அது ஏன் தேவை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். தையல் மிஷினில் ஊசித் தட்டுக்குக் கீழே இருக்கும் பற்கள், அடியில் இருக்கும் துணியைத்தான் பிடித்து நகர்த்துகின்றன. மேலே இருக்கும் துணியை மிஷினின் பாதம் அழுத்திக்கொண்டு நிற்கிறது. இரண்டு மெல்லிய துணிகளை இணைக்கும்போது மேல் துணியும் அடித் துணியோடு சேர்ந்தே நகர்ந்துவிடும்; வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. நடுவில் பஞ்சு வந்துவிட்டால் நிலைமை வேறு. பஞ்சு அமுங்கும், நழுவும். மேல் துணிக்கும் அடித் துணிக்கும் ஒன்றையொன்று பற்றிக்கொள்ள வழியே இருக்காது. அடித் துணி முன்னே போய்விட, மேல் துணி மயிரிழை மயிரிழையாகப் பின்தங்கும். ஒரு தையலில் தெரியாத அந்த வித்தியாசம் 90 அங்குல நீளம் தைத்து முடிக்கும்போது கடைசியில் ஒரு மடிப்பாக வந்து நிற்கும். அடுத்த வரியை எதிர்ப்பக்கத்திலிருந்து தைத்தால் துணி அந்தப் பக்கம் இழுபட்டு, இரண்டு வரிகளுக்கும் நடுவில் கோணலாக அலை விழும். அடிப்பக்கச் சுருக்கம் இன்னும் மோசமானது, ஏனென்றால் தைக்கும்போது அது கண்ணில் படுவதே இல்லை. எல்லாம் முடிந்து புரட்டிப் பார்க்கும்போதுதான் தெரியும். மேல் துணியையும் சேர்த்து நகர்த்தும் பல் வைத்த பாதம் ஒன்று இப்போது கிடைக்கிறது, வாக்கிங் ஃபுட் என்று கேட்டால் கடையில் கொடுப்பார்கள். வாங்க முடிந்தவர்கள் வாங்கலாம், நல்ல பொருள்தான். ஆனால் சரியாக விரித்துப் பிணைத்துக் கொடுத்த அடுக்குகளைத்தான் அது சரியாக நகர்த்தும். விரித்துப் பிணைக்கும் வேலையை அது செய்யாது.

இந்த வேலை நமக்குப் புதியதும் அல்ல. பிள்ளை பிறக்கப் போகும் வீட்டில், துவைத்துத் துவைத்து மென்மையான பாட்டியின் நூல் புடவைகளை மடித்து அடுக்கி, குழந்தைக்கு விரிப்பு தைப்பதை எங்கள் பக்கத்தில் நடுத்தர வயதைக் கடந்த பெண்கள் அனைவரும் பார்த்திருப்பார்கள். என் தாயார் ஒருபோதும் நேராக நெருக்கத் தையலில் இறங்கமாட்டார். கூடத்துச் சிவப்புச் சிமெண்டுத் தரையில் புடவையை விரித்து, நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி இரு உள்ளங்கைகளாலும் தடவித் தடவிக் காற்றை வெளியேற்றி, ஒரு விரற்கடைக்கு மேல் நீளமுள்ள தையல்களாகக் குறுக்கும் நெடுக்கும் ஓட்டிவிட்டுத்தான் ஊசியில் அடுத்த நூலைக் கோப்பார். வங்காளத்தில் பழைய புடவைகளை அடுக்கிக் காந்தா தைப்பவர்களும் முதலில் அடுக்குகளைப் பெரிய தையல்களால் பிணைத்துக்கொண்டு, அதன் பிறகுதான் நெருக்க ஓட்டுத் தையலைத் தொடங்குவார்கள். அடுக்குத் துணி தைக்கும் ஊர்களில் எல்லாம் கைகள் தாமாகவே வந்து சேர்ந்த முறை இது.

இனிச் செய்முறை. கட்டுரையில் விடுபட்டது இதுதான் என்பதால் சற்று விரிவாகவே எழுத அனுமதிக்க வேண்டும்.

அடித் துணியை மேல் துணியைவிட நான்கு பக்கமும் 3 அங்குலமாவது பெரிதாக வெட்ட வேண்டும். காடாத் துணியாக இருந்தால் ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்துக் காயவைக்காமல் வெட்டவே கூடாது. இல்லாவிட்டால் முதல் சலவையில் அது மட்டும் சுருங்கிப் போர்வையையே இழுத்துவிடும். காய்ந்த துணிக்கு வடிகஞ்சி போட்டு இஸ்திரி செய்துகொண்டால் அது விறைப்பாகப் படுத்துக் கிடக்கும், வேலை பாதியாகக் குறையும். தைத்து முடித்த போர்வையை எப்படியும் ஒரு முறை அலசத்தான் போகிறோம், கஞ்சி அப்போது போய்விடும். நன்றாகப் பெருக்கித் துடைத்த தரையில், துணியின் நல்ல பக்கம் கீழே இருக்குமாறு விரித்து, ஓரங்களை அகலமான ஒட்டும் டேப்பால் தரையோடு ஒட்ட வேண்டும். எதிரெதிர்ப் பக்கங்களை மாற்றி மாற்றி ஒட்ட வேண்டும். சுருக்கம் இருக்கக் கூடாது என்பது போலவே, இழுத்துக் கட்டியது போலவும் இருக்கக் கூடாது. இழுத்து ஒட்டிய துணி, டேப்பை எடுத்ததும் பழைய அளவுக்குத் திரும்பிவிடும். மேலே இருக்கும் இரண்டு அடுக்குகளும் அப்போது தளர்ந்து பொம்மிக்கொள்ளும். கோரைப்பாயின் மேல் விரிக்க வேண்டாம். ஊசி கோரையையும் சேர்த்துப் பிடித்துவிடும். பாயோடு பிணைந்த போர்வையைப் பிரிக்கும்போது பஞ்சு கிழிந்துபோனதை நான் கண்ணாரப் பார்த்திருக்கிறேன்.

அதன் மேல் பஞ்சு விரிப்பு. மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும். சுருளாக வரும் பஞ்சு விரிப்பை முதல் நாளே பிரித்துப் போட்டு மடிப்புகளைத் தளரவிட்டால் நல்லது. எங்கள் பகுதியில் நெல்லுக்குப் பிறகு பருத்தி போடுகிறவர்கள் இருக்கிறார்கள். கொட்டிய பருத்திப் பஞ்சை அப்படியே பரப்பிப் போர்வை தைக்கும் வழக்கமும் இருக்கிறது. அப்படிப் பரப்பும் பஞ்சு தானாக ஒன்றோடொன்று பற்றிக்கொள்ளாது என்பதால், நூலோட்டும் வரிகளும் பிறகு வரும் மிஷின் தையலும் இன்னும் நெருக்கமாக இருக்க வேண்டும். இலவம் பஞ்சு இதற்கு உதவாது. அது மெத்தைக்கும் தலையணைக்கும்தான். பஞ்சின் மேல் மேல் துணியை நல்ல பக்கம் மேலே வருமாறு விரித்து, மூன்றின் நடுப்புள்ளிகளும் ஒன்றாக வருகின்றனவா என்று பார்த்துக்கொண்டு, முன்பு சொன்னது போல நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் தடவ வேண்டும்.

இப்போது ஊசி. நீளமானதாக இருக்க வேண்டும். நூல் வெள்ளையாகவோ வெளிர் நிறத்திலோ இருக்க வேண்டும்; சித்திரை வெயிலில் கை வியர்க்கும்போது கறுப்பு நூலும் சிவப்பு நூலும் வெளிர்த் துணியில் சாயம் விட்டுவிடும். பலமான நூலும் தேவையில்லை, இழுத்தால் அறுந்து வருகிற மலிவான பருத்தி நூலே இதற்குப் பொருத்தம். கையால் இரண்டு மூன்று பாகம் (இரு கைகளையும் விரித்து நீட்டிய அளவு ஒரு பாகம்) நீளத்துக்கு நூலை எடுத்துக்கொண்டு, முடிச்சுப் போடாமல், போர்வையின் நடுவில் தொடங்கி, பாதி நூலை அங்கேயே விட்டுவிட்டு ஓரம் வரை ஒரு பக்கமாகத் தைத்துப் போக வேண்டும். பிறகு நடுவில் விட்டுவைத்த மறுபாதியை ஊசியில் கோத்து எதிர்ப் பக்கமாகப் போக வேண்டும். இதனால் எந்தத் தளர்வு இருந்தாலும் அது வெளியே தள்ளப்படும், நடுவில் சிக்கிக்கொள்ளாது. மேலே ஒன்றரை அங்குலம், அடியில் அரை அங்குலம் என்று ஒரு தையல் அமையலாம். வரிக்கும் வரிக்கும் 4 அங்குலம், அதாவது நான்கு விரல்களையும் கட்டைவிரலையும் சேர்த்து வைத்த கையகலம். நெடுக்காக முடித்தபின் குறுக்காக. ஓரங்களில் முடிச்சுக்குப் பதிலாக ஒரு பின் தையல் போதும், பிரிக்கும்போது எளிதாக வந்துவிடும்.

இதில் மிகவும் வலிக்கும் இடம் இடது கை. தரையோடு ஒட்டிய துணிக்கு அடியில் கையை விட முடியாது. குத்திய ஊசியின் நுனியை மேலே நெம்பி எடுக்க ஆள்காட்டி விரல்தான் ஒவ்வொரு முறையும் அழுத்திக் கொடுக்க வேண்டும். நாள் முடிவில் விரல் நுனி முழுக்கப் பொத்தலாகி, மறுநாள் புளி கரைக்கும்போது எரியும். இதற்கு ஒரு டீ ஸ்பூன் போதும். இடது கையில் ஸ்பூனைப் பிடித்து, ஊசி எங்கே வெளிவர வேண்டுமோ அந்த இடத்தில் அதன் விளிம்பை அழுத்தி வைத்தால், மேலே வரும் நுனி ஸ்பூனின் குழிவில் ஏறித் தானாக நிமிர்ந்து நிற்கும். வலது கையால் இழுத்துக்கொள்ளலாம். "டிக்" என்று மெல்லிய ஓசை கேட்கும், அந்த ஓசையின் கணக்கிலேயே கை வேகம் பிடித்துக்கொள்ளும். வலது நடுவிரலில் அங்குஸ்தான் (ஊசி குத்தாமல் காக்கும் விரலுறை), இடது கையில் ஸ்பூன் என்று பழகிவிட்ட என் மாணவிகள் ஒருவரும் பிறகு வெறுங்கையால் இந்த வேலையைச் செய்வதில்லை. மூட்டுவலி உள்ளவர்கள் தரையில் உட்கார வேண்டியதும் இல்லை. மேல் துணியை ஒரு மரப்பலகையிலும் அடித் துணியை இன்னொரு பலகையிலும் சுருட்டிக்கொண்டு, நடுவில் பஞ்சை வைத்து, மேசைமேல் ஒரு முழம் ஒரு முழமாக விரித்து நூலோட்டிக்கொண்டே போகலாம். எங்கள் குழுவில் 60 வயதைக் கடந்த இருவர் இப்படித்தான் செய்கிறார்கள். அவர்கள் ஓட்டிய வரிகள்தான் மிக நேராக இருக்கின்றன.

ஊக்குக் குத்தும் முறையை நான் முழுவதும் மறுக்கவில்லை. கையகலத்துக்கு ஓர் ஊக்கு என்று போர்வை முழுவதும் குத்தினால் அதுவும் அடுக்குகளைப் பிடித்துக்கொள்ளும். அவசர வேலைக்கு அது உதவும். ஆனால் கட்டுரை சொன்ன நான்கு மூலை ஊக்குகளால் ஒரு பயனும் இல்லை. அதோடு, ஐப்பசி கார்த்திகை அடைமழையில் எங்கள் பகுதிக் காற்றில் இருக்கும் ஈரம் எப்படிப்பட்டது என்பது டெல்டாக்காரர்களுக்குத் தெரியும். குத்தி வைத்த ஊக்கு ஒரு வாரம் துணியில் இருந்தால் துருப்பிடித்துவிடும். வெள்ளைத் துணியில் விழுந்த துருக்கறை எந்தச் சோப்புக்கும் எளிதில் போகாது. மிஷினில் தைக்கும்போது ஒவ்வோர் ஊக்காக நிறுத்தி நிறுத்திக் கழற்றவும் வேண்டும். தவறி ஒன்றின்மேல் ஊசி இறங்கினால் ஊசி முறிந்து கண்ணை நோக்கித் தெறிக்கும். துணிக்கென்றே விற்கும் பசை ஸ்பிரேயும் இப்போது நகரங்களில் கிடைக்கிறது. அது வேகமாக வேலையை முடிக்கும் என்பது உண்மை. ஆனால் அதன் புகையைச் சுவாசிக்கக் கூடாது, எளிதில் தீப்பற்றும், காற்றோட்டமான இடத்தில்தான் அடிக்க வேண்டும் என்று அந்தப் புட்டிகளிலேயே எச்சரிக்கை அச்சிட்டிருக்கிறார்கள். ஒரே அறையில் தூளியில் குழந்தை தூங்க, பக்கத்தில் அடுப்பு எரிய, மூலையில் மிஷின் போட்டுத் தைக்கும் பெண்களுக்கு அதை நான் ஒருநாளும் பரிந்துரைக்கமாட்டேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் குழுவுக்கு ஏற்பட்ட இழப்பு ஒன்றைத் தங்கள் வாசகர்கள் அறிய வேண்டும். வெளியூர் நிறுவனம் ஒன்று, கட்டிலுக்கு விரிக்கும் பஞ்சு விரிப்புகள் 40 வேண்டும் என்று கேட்டது. ஒன்றுக்கு இவ்வளவு என்று மிஷின் தையலைக் கணக்கிட்டுக் கூலி பேசினார்கள். நூலோட்டுவதற்குத் தனியாக நேரம் வேண்டும் என்று நான் சொன்னபோது, மேற்பார்வைக்கு வந்தவர், தைத்த பிறகு பிரித்துப் போடப் போகிற நூலுக்கு யார் பணம் கொடுப்பார்கள் என்று கேட்டார். எங்கள் பெண்களுக்கும் அது நியாயமாகவே பட்டது. தீபாவளிக்கு முன்பு பணம் கைக்கு வர வேண்டிய அவசரம் வேறு. ஊக்கு மட்டும் குத்தித் தைத்துக் கொடுத்தோம். 40 விரிப்புகளில் 13 திரும்பி வந்தன. மேலே பார்த்தால் குறை தெரியவில்லை. புரட்டிப் போட்டால் அடித் துணியில் மடிப்பு மடிப்பாகத் தையல் விழுந்திருந்தது, ஒன்றில் மூன்று விரல் அகலத்துக்குத் துணியே மடிந்து உள்ளே தைபட்டிருந்தது. அந்த 13 விரிப்புகளுக்கும் கூலி கிடைக்கவில்லை. அவற்றைப் பிரித்து, நூலோட்டி, மீண்டும் தைத்துக் கொடுக்க எங்களுக்கு மூன்று வாரம் பிடித்தது. பிரிக்கும்போது ஊசித் துளைகள் துணியில் வரிவரியாகத் தெரிந்ததைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்த ஓர் இளம்பெண், இந்த வேலையே வேண்டாம் அக்கா என்று எழுந்து போனவர் திரும்பி வரவில்லை. நல்ல கை அவருக்கு.

அதன் பிறகு உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டேன். 60 அங்குல அகலமும் 90 அங்குல நீளமும் உள்ள ஒற்றைக் கட்டில் போர்வை ஒன்றை எடுத்துக்கொள்வோம். 4 அங்குலத்துக்கு ஒரு வரி என்றால் நெடுக்காக 16 வரிகள், குறுக்காக 23 வரிகள். நெடுக்கு வரிகள் 1,440 அங்குலம், குறுக்கு வரிகள் 1,380 அங்குலம். மொத்தம் 2,820 அங்குலம், அதாவது 235 அடி. மீட்டரில் சொன்னால் 71-க்கும் மேல். இரண்டு அங்குலத்துக்கு ஒரு முறை ஊசி இறங்கி ஏறுகிறது என்றால் 1,410 முறை குத்தி எடுக்க வேண்டும். பழகிய என் கைக்கே இதற்கு நான்கு மணி நேரம் பிடிக்கிறது. தரையில் விரித்து ஒட்டுவதும், கடைசியில் அடிப்பக்கமிருந்து நான்கைந்து தையலுக்கு ஒன்றாக வெட்டி உருவி எடுப்பதும் தனி. இத்தனையும் கூலிச் சீட்டில் ஒரு வரியாகக்கூட இடம்பெறுவதில்லை.

வரிசை நடவு நடக்கும் வயலை நம் பகுதியில் பார்க்காதவர் இருக்க முடியாது. இரண்டு கரையிலும் ஆள் நின்று கயிற்றை இழுத்துப் பிடிக்க, அந்தக் கயிற்றையொட்டி நாற்று நடுவார்கள். ஒரு வரிசை முடிந்ததும் கயிறு அடுத்த வரிசைக்கு நகரும். நடவு முடிந்தால் வயலில் கயிறு இருக்காது, பயிர்தான் இருக்கும். கயிறு பிடித்தவர் ஒரு நாற்றும் நடவில்லை என்று அவருடைய கூலியை எந்த மிராசுதாரரும் பிடித்துக்கொண்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. நூலோட்டும் பெண்ணும் கயிறு பிடிக்கிறவர்தான். அவர் போட்ட வரிகளை நம்பித்தான் மிஷினில் உட்காரும் பெண் தைரியமாகப் பெடலை மிதிக்கிறார்.

ஆகவே தங்கள் வழியாக மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கிறேன். போர்வை, விரிப்பு ஆகியவற்றுக்குப் பெண்களிடம் வேலை கொடுக்கும் நிறுவனங்களும் கடைகளும், கூலி பேசும்போதே நூலோட்டும் வேலையைத் தனி இனமாகக் குறித்து, மணிக் கணக்கிலோ சதுர அடிக் கணக்கிலோ அதற்கு ஒரு தொகை வைக்க வேண்டும். தையல் பயிற்சி நடத்துகிறவர்கள், தற்காலிகத் தையலை ஒரு கைக்குட்டை அளவுத் துணியில் நான்கு வரி போட்டுக் காட்டி முடித்துவிடாமல், ஒரு முழுப் போர்வையைத் தரையில் விரித்து, ஒட்டி, நூலோட்டி, தைத்து, பிரித்து எடுக்கும் வரை மாணவிகள் தங்கள் கையால் செய்து பார்க்க இரண்டு நாட்களாவது ஒதுக்க வேண்டும். மிஷின் தையல் நூலோட்டிய வரிகளின் மேல் ஏறாமல் அவற்றுக்கு நடுவில் போக வேண்டும் என்பதும், ஏறிவிட்டால் அந்த நூலை உருவுவது எவ்வளவு பாடு என்பதும் செய்து பார்த்தால்தான் புரியும். மூன்றாவது வேண்டுகோள் தங்களுக்கு. மகளிர் பக்கக் கட்டுரையைப் படித்துவிட்டு இந்நேரம் பலர் துணியும் பஞ்சும் வாங்கியிருப்பார்கள். அவர்கள் முதல் போர்வையை வெட்டுவதற்கு முன்பாகவே, ஊக்கோடு நிறுத்தாமல் நூலோட்ட வேண்டும் என்ற திருத்தத்தை அதே பக்கத்தில் வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். இடம் குறைவாக இருந்தால் இக்கடிதத்தில் வேறு எதை வெட்டினாலும் சரி, 4 அங்குல இடைவெளியையும், நடுவிலிருந்து தொடங்க வேண்டும் என்பதையும், அந்த டீ ஸ்பூனையும் மட்டும் விட்டுவைக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகி,
தையல் பயிற்றுநர்,
பாபநாசம் வட்டம், தஞ்சாவூர் மாவட்டம்.